மச்சான் முறைச் சுற்றறிக்கை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் போதும், நாட்டுப்புறப் பண்பாடு அழிகிற ஆபத்து சட்டென்று கூடிவிடும். சந்தேகம் இருப்பவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு கருத்தரங்கு, ஒரு கள ஆய்வு, தலையில் எண்ணெய் வழிய அருவிக்கு இறங்கும் ஓர் அறிஞர். சித்திரை வெயிலில் வந்து பண்பாட்டைக் காப்பாற்றியதாக யாரைப் பற்றியும் இதுவரை தகவல் இல்லை.

அப்படி ஒரு சாரல் காலத்தில்தான் நாட்டுப்புற நகைச்சுவை மற்றும் சொலவடைப் பாதுகாப்பு மையம் தென்காசி வட்டாரத்தில் வந்து இறங்கியது. பெயர் ஜீப்பின் முன்பக்கத்தில் அடங்காமல் பக்கவாட்டுக் கதவு வரை ஓடியது. அந்த ஜீப், ஊருக்குச் சாலை பிரிகிற இலத்தூர் விலக்கில் பஞ்சரானது. விலக்கில் இருப்பது ஒரே பஞ்சர் கடை. கடைக்காரன் இசக்கிமணி.

இசக்கிமணிக்கு யாரையும் எளிதில் நம்பிப் பழக்கமில்லை. டியூபில் ஓட்டை எங்கே என்று டியூபே வாய் திறந்து சொன்னாலும் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் விடமாட்டான். ஜீப்பில் இருந்து கண்ணாடியும் கழுத்தட்டையுமாக இறங்கிய களப்பணியாளர் சண்முகநாதனைப் பார்த்ததுமே, நாலு வழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தவன் என்று முடிவுகட்டி, கடையின் தகரப் பந்தலை ஒருமுறை கவலையோடு பார்த்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சொரிமுத்து வந்து சேர்ந்தான். சொரிமுத்து, இசக்கிமணியின் தங்கை மாரித்தாயைக் கட்டியவன். குட்டியானை என்று ஊரில் சொல்கிற சின்ன லோடு வண்டியில் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி அடிப்பவன். டயரில் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் கடைக்கு வந்து மச்சானிடம் நாலு வசவு வாங்கி, நாலு வசவு கொடுத்துவிட்டுப் போனால்தான் அவனுக்கு வண்டி ஓடும்.

"வா மாப்ள, என்ன வயிறு ஒனக்கு முன்னால வந்து எறங்குது?" என்றான் இசக்கிமணி.

"நீ காத்து அடிக்கும்போது கால்ல ஒரு கல்லைக் கட்டிக்கோ மச்சான். பம்பு வெவரம் தெரியாம ஒன்னத் தூக்கிட்டுப் போயிரப்போவுது."

"நாங் கெடக்கட்டும்லே. என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவன், கடைசிவர அவ மூஞ்சியப் பாக்கல. அல்வாத் தட்டையே பாத்துக்கிட்டிருந்தான். மறுநா தரகன் போயி, பிடிச்சிருக்கான்னு கேட்டா, 'நெய் கொஞ்சம் கூடுதல்'ங்கான்!"

பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆறு வருடமாகக் கேட்கிற கதைதான். இருந்தும் சிரித்தார்கள். சொரிமுத்துவும் சிரித்தான். "பூராத்தையும் தின்னு தீத்துருவனோன்னு பயந்துதானவே பொண்ணக் குடுத்திய" என்று பதில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சண்முகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து நீட்டினார்.

"ஐயா, இந்த அல்வாத் தட்டு வழக்கு எத்தனை தலைமுறையாக இங்கே வழங்கி வருகிறது?"

"எந்தத் தலைமுறை சார்? அவன் பொண்ணு பாக்க வந்ததே ஆறு வருசத்துக்கு முந்திதான்."

"அதாவது, தோற்றம் குறித்து மக்களிடம் தெளிவில்லை," என்று கருவியிடம் சொல்லிக்கொண்டார் சண்முகநாதன். அன்றைக்கு அவர் பெரிய புதையல் கிடைத்த மாதிரி கிளம்பிப் போனார். பஞ்சர் ஒட்டி முடித்ததைக்கூட அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

மத்தியானம் சோற்றுக்குப் போன இடத்தில் இசக்கிமணி இதைச் சொன்னதும் அவன் மனைவி முத்துச்செல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சிரிக்கதுக்கு ஒரு ஆபீசு போட்டிருக்கான்னு சொன்னா, நம்பிட்டு வந்திருக்கிய. ஒங்க புத்தி எங்கன போச்சு? யாரு யாரப் பேசுதான்னு உளவு பாக்க வந்திருக்கான். நீங்களும் வாயத் தொறந்து வச்சிட்டு நின்னிருக்கிய."

"நான் என்னட்டி பேசினேன், அல்வாவப் பத்தித்தான..."

"இன்னைக்கு அல்வா. நாளைக்கு என்ன கேப்பான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். அன்று ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மேலத் தெருவில் அது மின்சாரத் திருட்டைப் பிடிக்க வந்த கூட்டம் என்றார்கள். கீழத் தெருவில் ரேஷன் அட்டையைப் பிடுங்க வந்தவர்கள் என்றார்கள். சிரிப்பைப் பாதுகாக்க வந்தவர்கள் என்று சொன்ன ஒரே ஆள் டீக்கடைக்காரர். அவரைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த வாரம் சமுதாய நலக்கூடத்தில் மையம் கூட்டம் போட்டது. வெள்ளைத் துணி விரித்த மேசை, தண்ணீர் பாட்டில், மைக். சண்முகநாதன் எழுந்து, "இப்போது நீங்கள் ஒவ்வொருவராக வந்து உங்கள் வழக்கமான நகைச்சுவைகளைச் சொல்லலாம். தயங்க வேண்டாம். பெயர், வயது, தகப்பனார் பெயர் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்" என்றார்.

தகப்பனார் பெயர் கேட்டதும் கடைசி வரிசையில் இருந்த சிலர் மெதுவாகச் செருப்பைத் தேடினார்கள்.

"ஒரு சொலவடையாவது சொல்லுங்கள்" என்று கெஞ்சினார் சண்முகநாதன்.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர் இரக்கப்பட்டு எழுந்தார். "சொலவடையெல்லாம் கேட்டா வராது சார். எவனாச்சும் கிறுக்கு மாதிரி ஒரு கோட்டித்தனம் பண்ணணும். பண்ணுனா தானா வாயில வரும்."

சண்முகநாதன் அதை நுணுக்கமாக எடுத்துக்கொண்டார். "எவ்வகைக் கோட்டித்தனம்? நான் செய்யத் தயார். தலைமை அலுவலகத்தில் முன் அனுமதி மட்டும் வாங்க வேண்டியிருக்கும்."

அப்போதுதான் இசக்கிமணிக்கு மனசு கேட்கவில்லை. சந்தேகப் பிராணி என்றாலும் அவன் நல்லவன். ஒரு மனுசன் இப்படித் தவிப்பதைப் பார்க்க அவனால் முடியாது. எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டான். அன்று அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சார், எங்க ஊருல யாரும் யாரையும் கேலி பேசிர முடியாது. அதுக்கு முறை வேணும். அண்ணன் தம்பிக்குள்ள பேச மாட்டோம், பங்காளிக்குள்ள பேச மாட்டோம். மாமன் மச்சான், அத்தான் கொழுந்தியா, இவங்களுக்குள்ளதான் கேலி. முறை இல்லாதவன் பேசினா அது கேலி இல்ல சார், சண்டை. நீங்க எங்களுக்கு என்ன முறைன்னு தெரியாம நாங்க எப்படிச் சிரிக்கது?"

"முறை வைக்கணும்னா நீங்க எந்தப் பக்கம் சார்?" என்று ஒரு குரல் வந்தது.

"நான் மையத்தின் பக்கம்" என்றார் சண்முகநாதன், அப்பாவியாக.

மையத்துக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இதுவரை வந்ததில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அங்கே கூடிப் பேசினார்கள். மூன்று வாரத்தில், அருவியில் தண்ணீர் குறைவதற்குள், சுற்றறிக்கை வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்ததை இசக்கிமணி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"கள ஆய்வின் நலன் கருதி, மையத்தின் களப்பணியாளர் திரு. சண்முகநாதன் அவர்கள், இவ்வூரில் வசிக்கும் அனைத்து ஆண்களுக்கும் மைத்துனர் முறையினர் எனக் கருதப்படுவார். பொதுமக்கள் அவரை அச்சமின்றிக் கேலி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நகைச்சுவையைப் பதுக்கி வைத்திருப்போர் பற்றி அலுவலக நேரத்தில் தகவல் தரலாம்."

"பதுக்கி வச்சிருப்போர்னு போட்டிருக்கான் பாத்தியளா?" என்றாள் முத்துச்செல்வி. "நான் மொதல்லயே சொன்னேன்."

ஊர் இந்தச் சுற்றறிக்கையைக் கேலிக்குப் பயன்படுத்தவில்லை. முறைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஒருத்தன் வந்து, "மாப்ள, எங்க அம்மைக்கு மூச்சு வாங்குது, ஜீப்ப எடும்" என்று தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இன்னொருத்தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அவரைப் பந்தல் கட்ட விட்டார்கள். மூன்றாவது ஒருத்தன், பக்கத்து வயல்காரனோடு வரப்புத் தகராறு என்று அவரை நடுவில் நிறுத்தினான். பக்கத்து வயல்காரனுக்கும் அவர் மைத்துனர்தான் என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து அவரையே திட்டினார்கள். சண்முகநாதன் எல்லாவற்றையும் பதிவு செய்தார். கேலி மட்டும் கிடைக்கவில்லை.

ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு அல்வாத் தட்டு. அதைப் பாதுகாப்பது என்று மையம் தீர்மானித்தது. பாதுகாக்கும் முன்னால் அது உண்மையா என்று சரிபார்க்க வேண்டுமல்லவா? பொய்யான நகைச்சுவையைப் பாதுகாத்துவிட்டால் நாளைக்குத் தணிக்கையில் யார் பதில் சொல்வது?

சண்முகநாதன் சொரிமுத்து இல்லாத நேரமாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போனார். மாரித்தாய் இடுப்பில் மகளோடு வாசலில் நின்றாள்.

"அம்மா, திருமணத்துக்கு முன்பு பெண் பார்க்கும் நிகழ்வில், உங்கள் கணவர் உங்கள் முகத்தைப் பார்த்தாரா, இல்லையா?"

"இது என்ன சார் கேள்வி?"

"பார்த்தார் என்றால் எவ்வளவு நேரம்? அல்வாவைப் பார்த்த நேரத்தைவிடக் கூடுதலா, குறைவா? உத்தேசமாகச் சொன்னால் போதும்."

மாரித்தாய் அந்தக் கதையை அண்ணன் வாயால் நூறு தடவை கேட்டு, நூறு தடவையும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தவள். இப்போது அதே கதை கேள்வியாக வந்து வாசலில் நின்றதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் யோசித்தாள். உண்மையிலேயே அவர் அன்றைக்கு என்னைப் பார்த்தாரா? சாயங்காலம் சொரிமுத்து லோடு இறக்கிவிட்டு வந்தபோது சோற்றுச் சட்டி கவிழ்த்து வைத்தபடி இருந்தது.

"என்னட்டி, ஒலை வைக்கலயா?"

"அல்வா வாங்கித் தின்னுக்கிடுங்க. அதத்தான பாத்துக் கட்டுனிய."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மச்சான்காரன் எதையோ எவனிடமோ எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று மட்டும் அன்றைக்கு முதன்முதலாக அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

மையத்தின் நிறைவு விழா குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இலத்தூரில் இருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள். சொரிமுத்துவின் பெரியப்பா மகன்கள், சித்தப்பா மகன்கள் என்று பங்காளிகள் அவனோடு ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் நமசிவாயம் மாலையோடு எழுந்து மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே, நாங்கள் வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் சிரிப்பு கட்டுப்பாடே இல்லாமல் கிடந்தது. டீக்கடையில் சிரித்தார்கள், வயலில் சிரித்தார்கள், சில இடங்களில் துக்க வீட்டில்கூடச் சிரித்ததாகத் தகவல். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்ற பொறுப்பு கிடையாது. இன்றைக்கு நிலைமை என்ன? எங்கள் சண்முகநாதன் போன தெருவில் ஒருவரும் சிரிப்பதில்லை. இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி ஒரு ஒழுங்கை நாங்கள் வேறெந்த மாவட்டத்திலும் கொண்டுவர முடிந்ததில்லை. நான் இந்தத் துறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. சிரித்தால் ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும் என்பது என் கொள்கை."

கைதட்டல். பிறகு இசக்கிமணியை மேடைக்குக் கூப்பிட்டு, அவன் கூச்சத்தில் நெளிய நெளிய ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். 'நகைமொழிச் செம்மல்' என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அவன் கீழே இறங்கப் போனபோது சண்முகநாதன் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"நிகழ்வு ஒன்று. தகவலாளர் இசக்கிமணி, தம் மைத்துனர் சொரிமுத்து என்பார், பெண் பார்க்கச் சென்ற இடத்தில் பெண்ணைப் பாராது இனிப்பையே பார்த்ததாகவும், மறுநாள் அவ்வினிப்பில் நெய் மிகுந்திருந்ததாகக் குறை கூறியதாகவும் தெரிவிக்கிறார். மேற்படி சொரிமுத்து, அளவுக்கு மீறி உண்ணும் இயல்பினர் என்பது இதனால் பெறப்படும். இவ்விடத்தில் மக்கள் சிரிப்பது வழக்கம்."

சண்முகநாதன் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டபம் முழுக்கத் திரும்பிச் சொரிமுத்துவைப் பார்த்தது. பங்காளிகள் பார்த்தார்கள். அவன் காய்கறி ஏற்றுகிற மண்டிக்காரர் பார்த்தார். முறை இல்லாத ஓர் ஆள், மைக்கில், அவனைத் தின்னிமாடு என்று சொல்லியாகிவிட்டது. சொன்னவன் பக்கத்தில் பொன்னாடையோடு மச்சான் நின்றான்.

சொரிமுத்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். இசக்கிமணி பொன்னாடையைத் தோளில் இருந்து பிடுங்கிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினான். சாரலில் நனைந்துகொண்டே மாப்பிள்ளையின் லோடு வண்டியை மறித்தான்.

"மாப்ள, நான் எதுவும் குடுக்கலலே, அவன் வண்டி பஞ்சரு, நீயும் நானும் அன்னைக்குப் பேசிக்கிட்டிருந்ததை..."

சொரிமுத்து அவனைப் பார்த்துக் கைகூப்பினான்.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. நாங்க வாரோம்."

அண்ணாச்சி! இசக்கிமணிக்கு நெஞ்சில் பம்பை வைத்து அடித்த மாதிரி இருந்தது. செருப்பால் அடித்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். வசவு என்றால் பதில் வசவு இருக்கிறது. மரியாதைக்கு என்ன செய்ய முடியும்? அவன் நனைந்தபடி நடுரோட்டில் நின்றான்.

அதற்குப் பிறகு சொரிமுத்து காற்று அடிக்கச் செங்கோட்டைக்குப் போனான். எதிரில் பார்த்தால், "சொகமா இருக்கியளா?" என்று கேட்டான். ஊருக்குள் இதைப் பார்த்தவர்கள், ஏதோ பெரிய சாவு விழுந்துவிட்டது போலப் பேசிக்கொண்டார்கள். டீக்கடைப் பெஞ்சில் காலையில் கூட்டம் இல்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆவணியில் சொரிமுத்துவின் மகள் ஹர்ஷிதாவுக்குக் குலசாமி கோவிலில் வைத்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். இசக்கிமணிக்குச் சொந்தமாகப் பிள்ளை கிடையாது. அந்தக் குழந்தை பிறந்த அன்றைக்கே அவன் கம்மல் எடுத்து வைத்துவிட்டான். முத்துச்செல்வி பட்டுப்பாவாடைக்குச் சங்கரன்கோவில் வரை அலைந்து சிவப்பில் மாம்பழ நிறக் கரை பிடித்திருந்தாள். கோவிலில் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதைப் பற்றி அவர்கள் இருவரும் மூன்று வருடமாகப் பேசிவந்தார்கள்.

அழைப்பு வரவில்லை. மாரித்தாய்தான் யாருக்கும் தெரியாமல் போன் போட்டு அழுதாள்.

"அண்ணே, ஒங்களக் கூப்பிட மாட்டேங்காரு. சர்க்காருல சுத்தறிக்கை ஒட்டியிருக்கான், அந்தச் சார்தான் எனக்கு மச்சான், அவரு மடியில வச்சே குத்திக்கிடுதோம்னு சொல்லிட்டாரு. நேரா போயி வெத்தலபாக்கு வச்சி அழைச்சிட்டும் வந்துட்டாரு."

இசக்கிமணி மறுநாளே குற்றாலத்தில் சண்முகநாதன் தங்கியிருந்த விடுதிக்குப் போனான். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தச் சுத்தறிக்கையக் கிழிச்சிருங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவன் என்ன அண்ணாச்சிங்கான் சார். வாங்க போங்கங்கான்."

சண்முகநாதன் முகம் மலர்ந்தது. "அப்படியா? உங்கள் மைத்துனர் உங்களை மரியாதையாக அழைக்கிறாரா? இது எங்கள் அறிக்கையில் சேர வேண்டிய முன்னேற்றம். எப்போதிலிருந்து?"

"ஐயோ சார், அது கோவம் சார்!"

"கோபமாக இருந்தால் திட்டியிருப்பாரே. நீங்கள் உள்ளூர்க்காரர் என்பதால் உங்களுக்கு இது விளங்கவில்லை. நாங்கள் வெளியில் இருந்து பார்க்கிறோம்" என்றார் சண்முகநாதன். "சுற்றறிக்கையை ரத்து செய்ய முடியாது. செய்தால், இதுவரை நான் மைத்துனராகச் செய்த பணிகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். அந்த ஆஸ்பத்திரிப் பயணத்துக்குப் படி வேறு வாங்கியிருக்கிறேன்."

காதுகுத்து அன்று காலையில் இசக்கிமணி போகக்கூடாது என்றுதான் இருந்தான். முத்துச்செல்விதான் சீர்த்தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு, "கூப்பிடாட்டிப் போவட்டும். தூர நின்னு பாக்கதுக்கு எவன் தடுப்பான்?" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கோவில் மதிலோரம் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள்.

மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பி, பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். சண்முகநாதன் பட்டு வேட்டி கட்டி, ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டுவந்த சீர், மையத்தின் ஆண்டு மலரும் ஒரு பாராட்டுச் சான்றிதழும். எதிரே காமிராக்காரர் ஒருவர் கால் பரப்பி நின்றார்.

பிள்ளையை மடியில் வைத்ததுமே அது வீறிட்டது. சண்முகநாதன் அதன் காதருகே குனிந்து, "குழந்தாய், இந்த நிகழ்வைப் பதிவு செய்வதில் உனக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். பிள்ளை இன்னும் பலமாக வீறிட்டது. "ஆட்சேபணை தெளிவாக இல்லை" என்றார் அவர். இதற்குள் பிள்ளை பயத்தில் அவர் மடியை நனைத்துவிட்டது. ஆசாரி இடது காதைப் பிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் கம்பியைச் செருகி முறுக்கிவிட்டார். குலவைச் சத்தம் எழுந்தது.

"ஒரு நிமிடம்" என்றார் சண்முகநாதன், கையைத் தூக்கி. குலவை நின்றது. அவர் காமிராக்காரரைப் பார்த்தார். காமிராக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆசாரி, உங்கள் கை மறைத்துவிட்டது. அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே காதில் இன்னொரு தடவை குத்துங்கள். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக."

ஆசாரி அடுத்த காதுக்கான கம்பியை வைத்துக்கொண்டு விழித்தார். மாரித்தாய் பாய்ந்து வந்து பிள்ளையை மடியில் இருந்து பிடுங்கிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் இசக்கிமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அழைக்காத இடத்தில் எந்த உரிமையில் போய்க் கேட்பது? கால் இரண்டடி முன்னால் போய், மறுபடியும் பின்னால் வந்தது.

சொரிமுத்து சண்முகநாதனைப் பார்த்தான். ஜமுக்காளத்தைப் பார்த்தான். அப்புறம் திரும்பி, கூட்டத்துக்கு மேலாக வேப்பமரத்தைப் பார்த்து, கோவில் அதிரக் கத்தினான்.

"ஏலே மச்சான்! மரத்துக்கு முட்டுக் குடுக்கவாலே வந்த? இங்க ஒம் மருமவ தொண்ட கிழியக் கத்துதா, அங்கன செல மாதிரி நிக்க! தாய்மாமன்னா கறிச்சோறு திங்கதுக்கு மட்டுந்தான் வருவியோ? வெளங்காத மூதி, வந்து ஒக்காரு!"

லே என்றான். மூதி என்றான். இசக்கிமணி ஓடினான். எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. வழியில் ஒரு குடத்தைத் தட்டிவிட்டான். முத்துச்செல்வி சீர்த்தட்டோடு பின்னால் ஓடி வந்தாள்.

ஜமுக்காளத்தில் சண்முகநாதன் நிமிர்ந்து, "இப்போது நீங்கள் சொன்னது வசையா, கேலியா? எந்தப் பிரிவில் போடுவது?" என்று கேட்டார்.

"சார், நீங்க மொதல்ல போயி வேட்டிய மாத்துங்க" என்றான் சொரிமுத்து.

அவ்வளவுதான். பெண்கள் பக்கம் ஒருத்தி குபீரென்று ஆரம்பிக்க, ஊரே பிடித்துக்கொண்டது. கூட்டம் போட்டபோது வாய் திறக்காதவர்கள், மண்டபத்தில் மௌனமாக இருந்தவர்கள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சண்முகநாதன் குனிந்து மடியைப் பார்த்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவி நனைந்துவிடாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கோவிலுக்குப் பின்பக்கமாக நடந்தார். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மையத்தின் அறிக்கையில் பிற்பாடு அந்த இடம், 'நீண்ட இரைச்சல், காரணம் தெரியவில்லை' என்று பதிவாகியது.

இசக்கிமணி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முத்துச்செல்வி கொண்டுவந்த பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டு, பிள்ளையை மாரித்தாய் அவன் மடியில் வைத்தாள். அது அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முகத்தை அதிலே புதைத்தது. ஆசாரி வலது காதைப் பிடித்தார். ஒரே குத்து. பிள்ளை ஒரு தடவை வீறிட்டு, வாழைப்பழத்தைக் கண்டதும் அடங்கிவிட்டது. இசக்கிமணிதான் அடங்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதான்.

சொரிமுத்து குனிந்து அவன் காதை இழுத்துப் பார்த்தான்.

"ஆசாரி, மாத்தி எம் மச்சான் காதுல குத்திப்புட்டீரா? பிள்ள பழம் திங்கு, இவன் ஒப்பாரி வைக்கானே!"

அப்போது சண்முகநாதன் கோவிலுக்குப் பின்னால் வேட்டி மாற்றிக்கொண்டிருந்ததால் அது எந்தப் பிரிவிலும் பதிவாகவில்லை.